புயல் வந்தப்புறம் நிவாரணம் குடுத்தா போதாதா, முன்னாடியே கோடிக்கணக்குல கொட்டணுமா?

இந்தக் கேள்வி அடிக்கடி வருது. என்னோட பதில், முன்னாடி செலவு பண்றதுதான் சிக்கனம்.

ஒடிசாவ எடுத்துக்கோங்க. 1999 சூப்பர் புயல்ல கிட்டத்தட்ட 10,000 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம் பேரிடருக்குன்னே தனி அமைப்பு ஆரம்பிச்சு, கடலோரம் பூரா புயல் பாதுகாப்பு மையம் கட்டி, ஊர்க்காரங்களுக்கே பயிற்சி குடுத்து வெச்சதால 2019ல ஃபானி புயல் புரிகிட்ட கரையக் கடந்தப்ப 12 லட்சம் பேர முன்னாடியே வெளியேத்த முடிஞ்சுது, சாவு 64. ரெண்டு புயலும் ஒரே பலம் இல்லதான், ஆனா அவ்ளோ பெரிய வித்தியாசம் காத்து வேகத்தால மட்டும் வந்ததில்ல. அந்தக் கட்டடங்கள் பலது மத்த நாள்ல பள்ளிக்கூடமா ஓடுது, அதனால பத்து வருஷம் புயலே வரலைன்னாலும் போட்ட காசு வீண் இல்ல.

அப்புறம் ஏன் பல திட்டம் பேப்பர்ல நஷ்டமா தெரியுது? பின்னாடி வரப்போற பணத்த இன்னிக்கு மதிப்புக்கு மாத்துறப்ப கழிக்கிற வட்டிதான் காரணம். 30 வருஷம் கழிச்சு மிச்சமாகப்போற 100 ரூபாய்க்கு 12 சதவீதம் வட்டி வெச்சுக் கழிச்சா இன்னிக்கு மதிப்பு வெறும் 3 ரூபா சொச்சம், அதே 3 சதவீதம் வெச்சா 41 ரூபா. திட்டத்துல ஒரு செங்கல் கூட மாறல, ஆனா முடிவு தலைகீழா மாறிடுது.

உயிரக் காப்பாத்துறதுல நாம ரொம்ப தூரம் வந்துட்டோம், பொழப்பக் காப்பாத்துறதுல வரல. ஃபானில உயிர் பிழைச்ச புரி ஜனங்க வாரக்கணக்குல கரன்ட் இல்லாம கெடந்தாங்க. 2011 டிசம்பர்ல ‘தானே’ புயல் அடிச்சப்ப பண்ருட்டி பக்கம் எங்க சித்தப்பாவோட முந்திரித் தோப்பு வேரோட சாஞ்சுது. நிவாரணம் வந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா புதுசா ஒட்டுக்கன்னு வெச்சு அது நல்லா காய்க்கிற வரைக்கும் சித்தி நகை அடகுக்கடைலதான் இருந்துச்சு, அந்த வட்டியெல்லாம் எந்த சேதக் கணக்குலயும் ஏறாது.

இன்னொரு விஷயம் என்னை ரொம்பவே உறுத்துது. சொத்து மதிப்ப மட்டும் வெச்சுப் பாத்தா பங்களா இருக்கிற கடற்கரைக்கு தடுப்பு கட்டுறது லாபம், குடிசைங்க இருக்கிற குப்பத்துக்கு கட்டுறது கட்டுப்படியாகாதுன்னு வரும். ஆனா வலையும் படகும் போச்சுன்னா அந்தக் குடும்பத்துக்கு மொத்தமும் போச்சு. அங்க கணக்கு இடிச்சாலும் கட்டித்தான் ஆகணும்னு சொல்வேன்.