மதிப்பீட்டுப் படிவத்தில் தன் பணியைத் தானே எடுத்துச் சொல்ல ஏன் இவ்வளவு கூச்சம்?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் கணக்கியல் பணியில் இருக்கும் நீங்கள், ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் உங்கள் சாதனைகளை எழுதக் கை வரவில்லை என்கிறீர்கள். இது உங்கள் தனிப்பட்ட குறை அன்று. பொருளியலாளர்கள் கிறிஸ்டின் எக்ஸ்லி, ஜட் கெஸ்லர் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தேர்வை ஆண்களுக்கு நிகராகச் செய்திருந்த பெண்கள், தம் மதிப்பெண்ணை அறிந்த பிறகும் தம் திறனைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். தன்னைப் பற்றிப் பேசும் பெண்ணுக்குத் தலைக்கனம் என்று பெயர் கட்டிவிடுவார்களோ என்னும் அச்சமும் வெறும் கற்பனை அன்று. 1998-இல் லாரி ரட்மன் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய பெண்களின் திறமையை ஒப்புக்கொண்டவர்களே அவர்களை விரும்பத் தயங்கினார்கள்.

தற்புகழ்ச்சி தவறு என்றே நம்மை வளர்த்திருக்கிறார்கள். ஆனால், தன்னைத்தானே புகழ்வது தகுதியன்று எனக் கூறும் நன்னூலே, தன் ஆற்றலை உணராதவர் நடுவில் புலவர் அதைச் சொல்வது தகும் என்று விலக்கும் அளிக்கிறது. நீங்கள் இரவு வெகுநேரம் அமர்ந்து நேர்செய்த கணக்கை உங்கள் மேலாளர் பார்த்திருக்க வாய்ப்பில்லை, அவரும் உணராதவர்தாம்.

எனவே, 'என்னால் இயன்றதைச் செய்தேன்' என்று எழுதாமல், 'மாதாந்தரக் கணக்கு முடிப்பை 9 நாளிலிருந்து 5 நாளாகக் குறைத்தேன். விற்பனை, சேவை வரிப் பதிவிலிருந்த பிழைகளைக் கண்டறிந்து திருத்தினேன்' என்பதுபோல், அடைமொழியின்றி நடந்ததை மட்டும் எழுதுங்கள். குழுவின் பங்கைத் தனி வாக்கியத்தில் மனமாரச் சொல்லுங்கள். உங்கள் பங்கை அதற்குள் கரைத்துவிடாதீர்கள். படிவம் வரும்வரை காத்திராமல், வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரம் முடித்த வேலையை இரண்டு வரியில் குறித்து வைத்தால், ஆண்டிறுதியில் நினைவைத் துழாவ வேண்டியிராது.