சுஷியை விடுங்கள், சோற்றுக்கடைக்குப் போங்கள்

ஜப்பான் சாப்பாடு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. பதில் சொல்பவர் கிளிநொச்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியை. பயிற்சிக்காக ஜப்பானின் சுகுபா நகரில் தங்கியிருந்தவர்.

கேள்வி: மகன் முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஜப்பான் போகிறான். மொழி கொஞ்சம் பேசுவான், வாசிக்கத்தான் திணறுவான். கடைகளில் எப்படிச் சாப்பிடப் போகிறானோ என்று கவலையாக இருக்கிறது.
- ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: கவலையை விடுங்கள் அக்கா. எழுத்துத் தெரியாமல் வருகிறவர்களும் பசியாறிப் போகிற நாடு அது. நிறையக் கடைகளின் முன்பக்கக் கண்ணாடிப் பெட்டியில் சாப்பாட்டை அப்படியே பிளாஸ்டிக்கில் செய்து வைத்திருப்பார்கள். பொரித்த இறாலின் மொறுமொறுப்புக்கூடக் கண்ணுக்குத் தெரியும். கடைக்காரரைக் கூப்பிட்டு விரலால் காட்டினால் வேலை முடிந்தது. மலிவான நூடில்ஸ் கடைகளில் வாசலிலேயே ஒரு மெஷின் நிற்கும். காசைப் போட்டுப் பொத்தானை அமத்தினால் துண்டு வரும், அதை உள்ளே நீட்டினால் சாப்பாடு வரும். எது எந்தப் பொத்தான் என்று புரியாத நாட்களில் நான் இடதுபக்கம் மேலே இருப்பதை அமத்திவிடுவேன். அநேகமாக அந்தக் கடையின் பேர்போன சாப்பாடு அங்கேதான் இருக்கும்.

வாசலில் துணித்திரை தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். தண்ணீருக்கோ தேநீருக்கோ பெரும்பாலும் காசில்லை. டிப்ஸ் கொடுக்கவே வேண்டாம். மேசையில் சில்லறையை வைத்துவிட்டு வந்தால் பின்னால் ஓடிவந்து திருப்பித் தருவார்கள்.

முதல் மாதம் அவன் தேடவேண்டியது தெய்ஷோக்கு போடுகிற கடைகளை. ஒரு தட்டத்தில் சோறு, மிசோ என்ற புளித்த சோயா விழுதில் செய்த சூப், ஊறுகாய், கூடவே சுட்ட மீனோ பொரித்த கோழியோ வரும். மத்தியானத்தில் 1,000 யென் அளவில் வயிறு நிறையும், சில கடைகளில் இரண்டாம் தரம் சோறு இலவசம். வன்னிப் பிள்ளைக்குச் சோறு இல்லாவிட்டால் சரிவராது. சுஷி எல்லாம் சம்பளம் வந்த பிறகு பார்க்கலாம்.

இன்னுமொன்று. அங்கே பல கடைகள் ஒரே சாமானைத்தான் விற்கும். உடோன் என்ற தடித்த கோதுமை நூடில்ஸ் விற்கும் கடை என்றால் உடோன்தான், விலாங்குக் கடை என்றால் விலாங்குதான். எட்டுக் கதிரை மட்டும் போட்ட கடை என்று தயங்கவேண்டாம், நல்ல சாப்பாடு பெரும்பாலும் அங்கேதான். ஆனால் இசகாயா என்ற குடிக்கிற கடைக்குள் போனால், கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதாவது கொண்டுவந்து வைப்பார்கள். அது இனாம் இல்லை, பில்லில் ஏறும். கோபிக்காமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். மரக்கறி உடோன், மாவில் தோய்த்துப் பொரித்த மரக்கறி டெம்புரா என்று பார்த்துச் சாப்பிட்டால் சரிதானே?
- மாங்குளம் வாசகர்

பதில்: சரியில்லை ஐயா. மச்சம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அவர்களுடைய சூப், குழம்பு, தொட்டுக்கொள்ளும் சாறு பெரும்பாலானவற்றுக்கும் அடி டாஷி என்ற ஒரு தெளிந்த சாறு. வழமையாக அதைக் கொம்பு என்ற கடற்பாசியிலும் கட்சுவோபுஷியிலும் எடுப்பார்கள். இந்தக் கட்சுவோபுஷி வேறொன்றும் இல்லை, நம்முடைய மாசிக்கருவாட்டின் சொந்தக்காரன். இரண்டும் சூரை இன மீனை அவித்து, புகைபோட்டு, காயவைத்து எடுப்பவை. அவர்கள் சிலவற்றில் பூஞ்சணமும் படியவிட்டு இன்னும் இறுக வைப்பார்கள், பிறகு சீவுளியில் மெல்லிசாகச் சீவுவார்கள். முதல்முறை அந்த வாசம் மூக்கில் ஏறியபோது அம்மாவின் மாசிச் சம்பல்தான் எனக்கு நினைவு வந்தது. டோக்கியோப் பக்கம் உடோன் சாறு சோயாவில் கறுத்திருக்கும், ஒசாக்காப் பக்கம் வெளிறியிருக்கும். இரண்டிலும் மீன் இருக்கிறது.

அந்தக் கடற்பாசியின் ருசி எதனால் என்று 1908இல் இக்கேடா கிக்குனயே என்ற டோக்கியோப் பேராசிரியர் கண்டுபிடித்தார். அடுத்த வருடமே அது தூளாகக் கடைக்கு வந்தது. நம்மூர்க் கொத்துரொட்டிக் கடைகளில் போடுகிற அஜினோமோட்டோ அதுதான்.

உங்களுக்கு வெறுஞ்சோறு, வெள்ளரிக்காய் சுற்றிய சுஷி, சோயா மட்டும் ஊற்றிய டோஃபு பயமில்லை. கோயாசான் மலையில் தங்குமிடம் தரும் புத்த மடங்களில் முழுச் சைவச் சாப்பாடே கிடைக்கும். மற்ற இடங்களில் டாஷியைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் மீன்சாறு வந்துவிடும்.

கேள்வி: முல்லைத்தீவில் விடியவே சூரை கரைக்கு வருகிறது. அவர்களைப் போல நாங்களும் பச்சையாகச் சாப்பிட்டால் என்ன?
- கள்ளப்பாடு இளைஞர்

பதில்: வேண்டாம் தம்பி. விடிய வந்தது என்பது மட்டும் போதாது. அவர்கள் பச்சையாகத் தின்னும் மீனைப் பிடித்தவுடனே இரத்தம் வடியவிட்டு ஐஸுக்குள் இறக்குகிறார்கள். மீனில் இருக்கும் புழுவுக்குப் பயந்து மைனஸ் 20 பாகையில் 24 மணித்தியாலம் உறையவைக்கச் சொல்கிறது அங்குள்ள சுகாதார அமைச்சு. வீட்டுக் குளிர்ப்பெட்டியை நம்பி இதில் இறங்கவேண்டாம். சூரையும் கும்பிளாவும் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் சேரும். முகம் சிவக்கும், கடிக்கும், தலை இடிக்கும். சமைத்தாலும் அது போகாது, ஆகவே கறிக்கு வாங்கும்போதும் ஐஸைக் கவனியுங்கள்.

ஆசையாக இருந்தால் ஷியோயாக்கி செய்து பாருங்கள். கும்பிளாவில் உப்புத் தடவி அரைமணித்தியாலம் வைத்து, ஊறிவரும் தண்ணீரை ஒற்றிவிட்டுத் தணலில் சுடுங்கள். பக்கத்தில் துருவிய முள்ளங்கி, தேசிக்காய்ப் புளி. தூளும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். என் வீட்டுக்காரர் ‘கறி எங்கே?’ என்று கேட்டுக்கொண்டே முழு மீனையும் முடித்தவர்.

கேள்வி: சத்தம்போட்டு உறிஞ்சிச் சாப்பிடலாம் என்கிறார்களே, உண்மையா?
- பரந்தன் மாணவி

பதில்: நூடில்ஸுக்கு உண்மை. கவனிக்கவேண்டியது குச்சியைத்தான் பிள்ளை. சோற்றில் நட்டுவைக்கக் கூடாது, அது செத்தவருக்குப் படைக்கிற முறை. ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்குச் சாப்பாட்டைக் கைமாற்றவும் கூடாது. தகனம் முடிந்து எலும்பு பொறுக்குவது அப்படித்தான். காடாத்து என்றால் என்ன என்று தெரிந்த நமக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கேள்வி: ஜப்பானிலும் கறி இருக்கிறதாமே, நம்முடையதைவிட நல்லதா?
- வவுனியா வாசகர்

பதில்: இல்லை. மெய்ஜிப் பேரரசர் காலத்தில் பிரித்தானியர் வழியாகப் போய்ச் சேர்ந்தது, கோதுமை மாவால் தடித்தது, இனிப்பு. ஆனால் மழை பெய்கிற மத்தியானத்தில் சுடச்சுடச் சோற்றில் ஊற்றித் தந்தால் நான் மறுக்கமாட்டேன். உறைப்பின் அளவை நீங்களே சொல்லி வாங்கும் கடைகளும் உண்டு, கூச்சப்படாமல் கூட்டிக் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா லீவில் வரும்போது நத்தோ கொண்டுவருவதாகச் சொல்கிறார். எப்படிச் சாப்பிடுவது?
- மல்லாவி வாசகி

பதில்: புளிக்கவைத்த சோயா அவரை அது. நான் இருந்த இபராக்கி மாகாணத்தில் மித்தோ என்ற ஊர் அதற்குப் பேர்போனது, அதனால் தப்ப வழியிருக்கவில்லை. நூல்நூலாக இழுபடும்வரை கிண்டி, கடுகும் வெங்காயத் தாளும் சேர்த்துச் சுடுசோற்றில் போடவேண்டும். எனக்குப் பிடித்துப்போனது, கூட இருந்த மற்றப் பயிற்சியாளர்கள் மேசையை மாற்றிவிட்டார்கள். ஆனால் அது குளிரில் வைக்கவேண்டிய சாமான் தங்கச்சி. கட்டுநாயக்காவிலிருந்து மல்லாவி வரைக்கும் பஸ் வெக்கையில் அதைக் கொண்டுவராமல், ஒரு பக்கற் கட்சுவோபுஷி வாங்கிவரச் சொல்லுங்கள்.