எண்ணத்துக்கு வவுச்சர் எங்கே?

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பத்து வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, மகன் ஆறாம் வகுப்பு போனதும் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன் அக்கா. பி.காம். படித்தவள்தான். மூன்றாவது மாதம் ஒரு ஜிஎஸ்டி பில்லைத் தவறான மாதத்தில் ஏற்றிவிட்டேன். "இதுகூடத் தெரியாதா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு பில்லையும் மூன்று தடவை பார்க்கிறேன். சந்தேகம் கேட்க வாய் வருவதில்லை. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அந்த ஒரு வார்த்தைதான் காதில் ஓடுகிறது. எல்லோரும் என்னைத் திறமை இல்லாதவள் என்று நினைக்கிறார்கள், அந்தத் தவறை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எனக்குத் தன்னம்பிக்கையே இல்லை. எப்படி வளர்த்துக்கொள்வது?
– பெயர் வேண்டாம், மஞ்சக்குப்பம்

பதில்: தங்கச்சி, நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு பக்கம் முழுக்க, பத்து வருஷ இடைவெளிக்கு அப்புறம் டேலி என்ற கணக்கு மென்பொருளை நீங்களே உட்கார்ந்து கற்றுக்கொண்டதைப் பற்றி. கடைசி வரியில் "தன்னம்பிக்கையே இல்லை". இரண்டையும் எழுதியது ஒரே கைதான்.

உங்கள் வேலையை வைத்தே சொல்கிறேன். வவுச்சர், அதாவது சான்றுச் சீட்டு, இல்லாமல் ஒரு பற்று எழுத உங்கள் அலுவலகத்தில் விடுவார்களா? "எல்லோரும் என்னைத் திறமை இல்லாதவள் என்று நினைக்கிறார்கள்" என்பதை மட்டும் எந்த வவுச்சரும் கேட்காமல் மனசுக்குள் ஏற்றிவிட்டீர்கள். 1960-களில் ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் கவனித்தது இதைத்தான்: மனம் சோர்ந்தவர்களுக்குள் சில வாக்கியங்கள் தானாக ஓடிக்கொண்டே இருக்கின்றன, அவர்களும் அதைச் சரிபார்க்காமல் அப்படியே நம்பிவிடுகிறார்கள். அதிலிருந்து அவர் உருவாக்கிய சிகிச்சை முறையில் முக்கியமான ஒரு வேலை, அந்த வாக்கியத்தைத் தாளில் எழுதி, அதற்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று பார்ப்பது. மகனுடைய பழைய நோட்டு ஒன்று போதும். இடது பக்கம் மனசு சொன்னது, வலது பக்கம் நடந்தது. "அந்த மாதம் ஒரு பில் தவறு, உடனே திருத்திவிட்டேன், மற்ற பில்கள் சரி" என்று வலது பக்கம் எழுதிப் பாருங்கள். பற்றை மட்டும் எழுதி வரவை விட்டுவிட்டால் எந்த டிரையல் பேலன்ஸ்தான் ஒத்துப்போகும், சொல்லுங்கள்.

எல்லோர் முன்னாலும் கேட்டது தவறு. அதை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆனால் அதைப் பார்த்த எல்லோரும் இன்னும் அதையே நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்கிறீர்களே, அதற்கு ஒரு பதில் இருக்கிறது. 2000-ல் வெளியான ஒரு ஆய்வில், அணிந்தால் கூச்சமாக இருக்கும்படியான படம் போட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்குக் கொடுத்து, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டுக்கொண்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்கூட இல்லை. உங்கள் பக்கத்து மேசைக்காரருக்கு அவருடைய ரிட்டர்ன் தேதி, அவர் வீட்டுக் கரண்ட் பில், அவர் பிள்ளையின் மார்க் என்று ஆயிரம் கவலை.

அடுத்தது, மூன்று தடவை பார்ப்பது. இது ஜாக்கிரதை மாதிரி தெரியும், ஆனால் ஒவ்வொரு முறையும் "உன்னை நம்ப முடியாது" என்று நீங்களே உங்களுக்குச் சொல்வது அது. இந்த வாரம் இரண்டு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை பார்த்து பென்சிலால் டிக் போட்டு நகருங்கள். முதல் சில நாள் நெஞ்சு படபடக்கும். படபடக்கட்டும், தொடர்ந்து செய்தால் குறைந்துவிடும்.

எனக்கு 41 வயதில்தான் ஸ்கூட்டர் ஓட்டக் கைவந்தது. விடிகாலை ஐந்தரைக்கு சில்வர் பீச் ரோட்டில் பழகினேன். முதல் நாள் பிரேக்கைப் பிடித்த பிடியில் நான்கு விரலிலும் சிவப்பாகக் கோடு விழுந்து, வீட்டுக்கு வந்து காபி டம்ளரைப் பிடிக்கும்போதுகூட வலித்தது. பீச் ரோட்டில் ஓட்டிவிடுவேன், ஆனால் அண்ணா பாலம் என்றால் பயம், பின்னால் பஸ் வந்து ஹாரன் அடிப்பானே என்று. தைரியம் வரட்டும் என்று இரண்டு மாதம் காத்திருந்தேன், வரவில்லை. அப்புறம் பயத்தோடுதான் ஏறினேன். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, பாலத்தைத் தாண்டி வந்த பிறகுதான் தாண்டிவிட்டதே தெரிந்தது. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-ல் எழுதியதும் இதுதான்: "என்னால் முடியும்" என்ற நினைப்பு நான்கு வழிகளில் வருகிறது, அதில் பலமானது நாமே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம். நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடம்பின் நிலை மூன்றும் அதற்கு அடுத்தபடிதான்.

அதனால் உங்கள் அண்ணா பாலம் எது என்று பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சந்தேகம், வாய்விட்டுக் கேட்க வேண்டும். தயக்கமில்லாமல் கேட்கிற சக ஊழியர் ஒருவர் இருப்பாரே, அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு மாதம் கழித்து மேலாளரிடமும் சொல்லலாம்: "சார், தப்பு இருந்தா உள்ளே கூப்பிட்டுச் சொல்லுங்க, உடனே சரி பண்ணிடறேன்." இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

கேள்வி: தினமும் கண்ணாடி முன் நின்று "நான் வெற்றியாளன்" என்று பத்து தடவை சொன்னால் தன்னம்பிக்கை வருமா?
– ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: ஏற்கெனவே தன்னம்பிக்கை உள்ளவருக்குக் கொஞ்சம் உதவலாம். தன்னைப் பற்றித் தாழ்வாக நினைப்பவர்கள் இப்படிப் புகழ்ந்து சொல்லிக்கொண்டபோது அப்படிச் சொல்லாமல் இருந்தவர்களைவிடச் சோர்ந்துபோனார்கள் என்று கனடாவில் நடந்து 2009-ல் வெளியான ஒரு ஆய்வு சொல்கிறது. வாய் சொல்வதை மனசு உடனே மறுத்துப் பேசுமே, அதுதான் காரணம். மனசு ஒத்துக்கொள்கிற மாதிரி சொல்லுங்கள்: "நேற்று முடிக்காத வேலையை இன்று அரை மணி நேரம் பார்ப்பேன்." சொன்னதும் போய் உட்காருங்கள்.

கேள்வி: வயது 20. ராத்திரி ஒரு மணி வரை ரீல்ஸ் பார்க்கிறேன். கூடப் படித்தவர்கள் பெங்களூரில் வேலை, பைக், டூர் என்று போடுகிறார்கள். காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்றார்கள், இரண்டு தடவை முயன்று பாதியில் விட்டுவிட்டேன்.
– கல்லூரி மாணவன், லாஸ்பேட்டை

பதில்: தம்பி, அந்த 21 நாள் கணக்கை நம்பி உன்னைத் திட்டிக்கொள்ளாதே. லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. நீ விட்டது ஒரு நாளை, நினைத்துக்கொண்டது எல்லாம் போச்சு என்று.

போனைப் படுக்கையிலிருந்து தூரமாக, கூடத்தில் சார்ஜ் போடு. எழுப்ப ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள். அவர்கள் போடும் பைக் படத்தில் மாதத் தவணை தெரியாது. சாயங்காலம் புதுச்சேரி பீச் ரோட்டில் வண்டிகளை விடாமல் நிறுத்திவிடுகிறார்களே, அங்கே காந்தி சிலையிலிருந்து ஒரு முனை வரை போய்த் திரும்பி நட, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். மனசு சரியானதும் நடக்கலாம் என்று இருந்தால் அது நடக்காது, நடக்க நடக்கத்தான் மனசு கொஞ்சம் இளகும். கூட ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

கேள்வி: வயது 58. கணவர் இறந்து எட்டு மாதம். "சந்தோஷமா இருங்க" என்கிறார்கள் பிள்ளைகள். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கூப்பிட்டார்கள், போகவில்லை. அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை அன்றிலிருந்து நான் வைக்கவே இல்லை. மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, சாப்பாடு இறங்கவில்லை, ஜாக்கெட் எல்லாம் தொளதொள என்று ஆகிவிட்டது.
– ஒரு தாய், கடலூர் முதுநகர்

பதில்: அம்மா, உங்களைச் சந்தோஷமாக இருக்கச் சொல்ல மாட்டேன். அழுகை வந்தால் அழுங்கள், அதற்குக் கெடு எதுவும் கிடையாது. ஆனால் விழிப்பு, பசியின்மை, எடை குறைவது மூன்றும் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், பழக்கத்தை மாற்றுவது மட்டும் போதாது, டாக்டரைப் பார்க்க வேண்டும். தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரையும் பார்த்துவிடுவார்கள். மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, ஜிப்மரிலும் இருக்கிறது. கிளம்ப மனசில்லாத நாளில் 14416-க்குப் போன் செய்யுங்கள். அது அரசின் டெலி மனஸ் எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும், அந்த நிமிஷமே மகளை எழுப்பிச் சொல்லுங்கள், அந்த எண்ணையும் அழையுங்கள்.

வெளியே போகக் கூடாது, திருவிழாவில் நிற்கக் கூடாது என்று உறவில் யாராவது சொல்லியிருந்தால் அதைக் கேட்க வேண்டாம். கடல் பக்கம் போய் வாருங்கள்.

அப்புறம் அந்தக் குழம்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சின்னச் சட்டியில் கொஞ்சமாக வையுங்கள். அவர் புளி தூக்கலாகக் கேட்பாரா, கத்திரிக்காய் போடச் சொல்வாரா என்று அவளிடம் சொல்லிக்கொண்டே கிளறுங்கள். பாதியில் முடியவில்லை என்றால் அடுப்பை அவளிடம் விட்டுவிட்டு வந்து உட்காருங்கள், மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்.