டிரிப் ஷீட்: ஐந்து சீட்டில் நான்கு காலி

கேள்வி: நவூரு என்ற குட்டித் தீவு நாடு சொந்தமாக விமானக் கம்பெனி நடத்தி நொடித்துப் போனதாம். என் பேத்தி சொல்கிறாள். அத்தனூண்டு ஊருக்கு எதற்குங்க ஏரோப்ளேன்?
(காங்கேயத்திலிருந்து ஒரு வாசகர்)

பேத்தி சொன்னது நிஜம்தானுங்க. பசிபிக் கடலில், பூமத்திய ரேகைக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிறது நவூரு. மொத்தமே 21 சதுர கிலோமீட்டர். கரையோரமாகத் தீவைச் சுற்றி ஒரே ரோடு. ஈரோட்டில் வண்டியைக் கிளப்பிப் பெருந்துறை போய்ச் சேருகிற நேரத்தில் அந்த நாட்டையே ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாம். 1970 வாக்கில் அங்கே இருந்தவர்களைக் கூட்டினால் இன்றைய காங்கேயத்தில் நாலில் ஒரு பங்கு தேறாது.

பணம் மண்ணுக்குள் இருந்தது. சிட்னியில் ஒரு கம்பெனி ஆபீஸில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். நவூருவிலிருந்து யாரோ கொண்டுவந்த கல். அங்கே வேலை பார்த்த ஆல்பர்ட் எல்லிஸ் என்பவர் அதைச் சோதித்துப் பார்த்தால், உரம் செய்கிற நயம் பாஸ்பேட்! 1900 வாக்கில் நடந்தது. அப்புறம் அறுபது வருஷத்துக்கு மேல் வெளியார்தான் வெட்டி எடுத்தார்கள். 1968 ஜனவரி 31-ல் சுதந்திரம் வந்தது. 1970-ல் சுரங்கம் சொந்தக் கைக்கு வந்தது. அதே 1970-ல் ஏர் நவூரு பறக்கத் தொடங்கியது, ஃபால்கன் என்ற சின்ன ஜெட் ஒன்றை வைத்துக்கொண்டு.

எதற்கு என்று கேட்டீர்களே, அதில் ஒரு நியாயம் இருக்கிறது. சுற்றிலும் தண்ணீர். ஆஸ்பத்திரி, படிப்பு எல்லாவற்றுக்கும் ஆஸ்திரேலியாதான், கப்பல் வந்தால்தான் உண்டு. கையில் காசு இருக்கிறவன் வண்டி வாங்கத்தான் செய்வான். ஒரு வண்டியோடு நின்றிருந்தால் இன்றைக்கு நானும் நீங்களும் இதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

கேள்வி: அந்தக் கம்பெனி ஏன் விழுந்தது? வண்டிக்காரன் பாஷையில் சொல்லுங்கள்.
(சங்ககிரி லாரி உரிமையாளர் ஒருவர்)

31 வருஷம் ஒரு பஸ் கம்பெனியில் கணக்கு எழுதியவன் நான். எனக்கு வேறு பாஷை வராதுங்க.

1980-களின் தொடக்கத்தில் அவர்களிடம் போயிங் 727, 737 என்று அரை டஜனுக்கு மேல் ஜெட் நின்றது. எல்லா சீட்டையும் கூட்டினால் நாட்டில் பத்தில் ஒருவரை ஒரே நேரத்தில் ஏற்றிவிடலாம். நம் ஊரில் இந்தக் கணக்கை யாராவது போட்டுப் பார்த்ததுண்டா? மெல்போர்ன், ஹாங்காங், மணிலா, ஆக்லாந்து, ஹோனலூலு என்று எங்கெங்கோ ரூட். பசிபிக்கின் நடுவில் நம் தீவு ஒரு ஜங்ஷன் ஆகட்டும், தீவுக்குத் தீவு போகிறவர்கள் இங்கே இறங்கி வண்டி மாறட்டும் என்பது ஹேமர் டிரோபர்ட் என்ற அவர்களுடைய முதல் ஜனாதிபதியின் நினைப்பு. நினைப்பில் தப்பில்லை. அக்கம்பக்கத்துத் தீவு ஜனங்களுக்கு அது பெரிய உபகாரமாகக்கூட இருந்தது. ஆனால் ரூட் பஸ் என்றால் இரண்டு முனையிலும் கூட்டம் வேண்டும், நடுவிலும் ஏறி இறங்க ஆள் வேண்டும். அங்கே நடுவில் இருந்தது கடல். சராசரியாக ஐந்து சீட்டில் ஒன்றில்தான் ஆள். மீதி நான்கு சீட்டுக்கான காசு பாஸ்பேட் பெட்டியிலிருந்து போனது. தலைவர்கள் கிளம்பினால் டிக்கெட் வாங்கினவரை இறக்கிவிட்டு விமானத்தைக் கொண்டு போனதும் உண்டு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 

எங்கள் முதலாளியும் ஒரு காலத்தில் இப்படித்தான். மஞ்சள் நல்ல விலை போன வருஷம், ஆறு வண்டி பத்தானது. அதில் ஒன்று அவருடைய மாமனார் ஊருக்கு. ராத்திரி கலெக்‌ஷன் பையைக் கொட்டி எண்ணினால் டீசலுக்கே பத்தாது. நான் சொன்னதற்கு, “அந்த ஊர்ல நம்ம போர்டு போட்ட வண்டி நிக்கோணுமப்பா” என்றார். டயர் ரீட்ரேடிங்குக்குக் கடன் சொல்லிச் சொல்லி எனக்குத்தான் வாய் வலித்தது. மூன்று வருஷத்தில் அந்த நாலு வண்டியும் போய்விட்டது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆறு பழைய வண்டி இருந்ததே.

நவூருவுக்கு அந்தப் பழைய ஆறு கிடையாது. 1988-ல் பைலட்டுகள் ஸ்ட்ரைக் செய்தார்கள். கூடவே ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பறக்கிற அனுமதியை எடுத்துவிட்டன. எப்.சி. ரத்தான மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு பழைய தெம்பு வரவே இல்லை. பாஸ்பேட்டும் தீர்ந்துகொண்டே வந்தது, ஜெட்டுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மெல்போர்னில் 52 மாடி வைத்து 1977-ல் ஒரு கட்டடம் கட்டியிருந்தார்கள், நவூரு ஹவுஸ் என்று பெயர். கடன்காரர்கள் நெருக்க, அதுவும் 2004-ல் விலை போனது. கடைசியாக மிச்சம் ஒரே ஒரு 737. அதன் மேல் அமெரிக்க எக்ஸிம் வங்கிக் கடன். டியூ நின்றது. 2005 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் வைத்து வண்டியை சீஸ் பண்ணிவிட்டார்கள். 

பைனான்ஸ்காரன் நடு ரோட்டில் சாவியைப் பிடுங்கும்போது டிரைவர் நிற்கிற நிற்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இங்கே ஒரு நாடே அப்படி நின்றது. ஓடுபாதை இருக்கிறது, சொந்த விமானம் இல்லை. அந்த ஓடுபாதைகூட இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் தீவைப் பிடித்து வைத்திருந்தபோது போட்டது.

கேள்வி: அந்தத் தீவு பாஸ்பேட்தான் நம் வயலுக்கும் வந்ததா?
(அந்தியூர் விவசாயி)

பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மேய்ச்சல் நிலங்களுக்குப் போனதுங்க. நீங்கள் போடுகிற சூப்பர் பாஸ்பேட் உரத்துக்குக் கல் ராஜஸ்தானின் ஜாமர்கோட்ராவிலிருந்தும் ஜோர்டான், மொராக்கோ போன்ற நாடுகளிலிருந்தும் வருகிறது. கல்லைப் பொடித்துக் கந்தக அமிலம் சேர்த்தால் சூப்பர். நவூருவில் வெட்டி எடுத்த இடம் இப்போது வெறும் சுண்ணாம்புக் கூம்புகளாக நிற்கிறது, வெள்ளாடுகூட மேயாது. அதற்காக ஆஸ்திரேலியா மேல் சர்வதேச நீதிமன்றத்தில் 1989-ல் வழக்குப் போட்டு, 1993-ல் சமரசமாகி 10 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் வாங்கினார்கள். 

கேள்வி: இப்போது அந்தக் கம்பெனி இருக்கிறதா? நீங்கள் அதில் போக ஆசைப்படுவீர்களா?
(கோபியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

இருக்கிறது கண்ணு. சீஸ் ஆன மறு வருஷமே தைவான் உதவி செய்து ஒரு 737 வாங்கிக் கொடுத்தது. ‘அவர் ஏர்லைன்’, அதாவது நம்ம விமானக் கம்பெனி என்று பெயர் வைத்து ஓட்டினார்கள். 2014-ல் நவூரு ஏர்லைன்ஸ் ஆனது. பிரிஸ்பேனுக்கு ஓடுகிறது. (வண்டி வாங்கிக் கொடுத்த தைவானோடு 2024 ஜனவரியில் உறவை முறித்துக்கொண்டு சீனா பக்கம் போய்விட்டார்கள். அது அரசியல், எனக்கு வேண்டாம்.) 

பாஸ்பேட் போன பிறகு அந்தத் தீவுக்கு வருமானம் தந்தது ஆஸ்திரேலியாவின் அகதி முகாம். 2001-ல் வந்தது. 2007-ல் இலங்கையிலிருந்து படகேறிப் போன 80 பேருக்கு மேல் அங்கே கொண்டுபோய் அடைத்தார்கள், பெரும்பாலும் நம் தமிழ்ப் பையன்கள். ஜெட் விட்டு ஜம்பம் காட்டிய காலத்தை விட, இதைப் படித்த அன்றுதான் எனக்கு அந்தத் தீவு பக்கத்தில் வந்த மாதிரி இருந்தது.

போக ஆசையா என்று கேட்டால், நான் விமானம் ஏறியதே ஒரு தரம்தான், கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு, மகன் டிக்கெட் போட்டான். ஜன்னல் சீட். எல்லாரும் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் திரும்பித் திரும்பிக் காலி சீட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்று.