சனிக்கிழமை ராத்திரி வரும் வயிற்றுவலி

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: விவாகரத்து வழக்கு நடக்கிறது, ஒன்பது வயது மகன் ஞாயிறுதோறும் ராயபுரத்தில் இருக்கும் அப்பாவிடம் போய் வருகிறான், சனிக்கிழமை ராத்திரியானால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுகிறான், டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார், அனுப்புவதையே நிறுத்திவிடலாமா?

உடனே நிறுத்தாதீர்கள் அம்மா. கோர்ட் உத்தரவுப்படி போகிறான் என்றால் நீங்களாக நிறுத்துவது உங்களுக்கே வம்பாகும். ஆனால் அங்கே அவனை அடிக்கிறார்கள், மிரட்டுகிறார்கள் என்றால் கதையே வேறு, அன்றைக்கே வக்கீலிடம் சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் போன் செய்யலாம்.

அப்படி இல்லையென்றால், நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அவர் அழைத்துப்போக வரும்போது வாசலிலேயே ஸ்கூல் ஃபீஸ், ஜீவனாம்சம் என்று பேச்சு முற்றி, தெருவே வேடிக்கை பார்க்கிறது, பையன் பையை மாட்டிக்கொண்டு நடுவில் நிற்கிறான். பெற்றோர் பிரிவது ஒருபக்கம் இருக்கட்டும், கண்ணெதிரே ஓயாமல் நடக்கும் சண்டைதான் பிள்ளைகளை அதிகம் உலுக்குகிறது. 'என்னாலதான்' என்று இந்த வயதில் நினைத்துக்கொள்வார்கள். அவனுக்கு வலி நிஜம், நடிப்பு இல்லை.

அதனால் முதலில் வாசலை விடுங்கள். மெட்ரோ ஸ்டேஷனில் ஒப்படைக்கலாம். அதைவிட நல்லது, காலையில் நீங்கள் கராத்தே வகுப்பில் விட்டு, முடிந்ததும் அவர் அழைத்துப்போவது, இரண்டு பேரும் நேருக்கு நேர் நிற்கவே வேண்டாம். பணப்பேச்சு வக்கீல் வழியாகப் போகட்டும். வாட்ஸ்அப்பில் ஜுரம், மருந்து, ஹோம்வொர்க் மட்டும்.

அப்புறம், ஞாயிறு சாயங்காலம் வந்ததும் "அங்க யார் வந்தாங்க, என்னைப் பத்தி என்ன சொன்னாங்க" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டியா, என்ன விளையாடின" போதும். உங்கள் அம்மாவிடமும் சொல்லிவையுங்கள், பென்சிலைத் தொலைத்ததற்கெல்லாம் "அப்படியே அப்பன் புத்தி" என்று திட்டினால் அது அவனுக்கு அப்பாவைத் திட்டுவதாகவும் கேட்கும், தன்னைத் திட்டுவதாகவும் கேட்கும்.

அவர் ஒத்துவர மாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். குடும்ப நீதிமன்றத்தில் இதற்கென்றே கவுன்சிலர் இருக்கிறார், அடுத்த வாய்தாவில் வழக்கைப் பேசாமல் இந்த ஞாயிறு ஏற்பாட்டை மட்டும் பேச வேண்டும் என்று கேளுங்கள். அந்த நீதிமன்றம் இருக்கும் அதே ஹைகோர்ட் வளாகத்தில் 2005 முதல் சமரச மையமும் இருக்கிறது. வக்கீல் செலவுக்குப் பயந்தால், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

இந்த வாரமே அவனிடம் சொல்லிவிடுங்கள்: "இது பெரியவங்க சண்டைப்பா, உன்னால வரல. நீ அப்பாகிட்ட சந்தோஷமா இருந்துட்டு வந்தா அம்மாவுக்குக் கோபம் வராது." ஒரு மாதம் சண்டையில்லாமல் போய் வந்தும் வலி நிற்கவில்லை என்றால் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போங்கள், வலி எந்தெந்த நாளில் வந்தது என்று குறித்துக்கொண்டு போனால் அவர்களுக்கு உதவும்.