வெள்ளை நாய்க்குட்டி வாங்குவோர் கேட்டவை

நுகர்வோர் கேள்வி-பதில் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மால்டீஸ், பொமரேனியன், ஸ்பிட்ஸ் போன்ற சிறிய வெள்ளை நாய்களைப் பற்றியவை. ஆகவே மற்ற கடிதங்களை அடுத்த முறைக்கு ஒதுக்கி, இவற்றை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: "அசல் பொமரேனியன்" என்று சொல்லி 12,000 ரூபாய்க்கு ஒரு வெள்ளைக் குட்டியை விற்றார்கள். இப்போது ஒரு வயது. எடை 8 கிலோ. மருத்துவர் இது ஸ்பிட்ஸ் என்கிறார். நாங்கள் ஏமாந்துவிட்டோமா? (திருநெல்வேலி)

விலையில் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், நாயில் ஒரு குறையும் இல்லை. தமிழ்நாட்டில் பல காலமாக 'பாம்' (பொமரேனியன் என்பதன் சுருக்கம்) என்று அழைக்கப்பட்டுவரும் வெள்ளை நாய்களில் மிகப் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் இனத்தவை. ஆங்கிலேயர் காலத்தில் வந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் நாய்களிலிருந்து இங்கேயே பெருகி, நம் வெயிலுக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் பழகிய நாய் அது. வளர்ந்த பொமரேனியன் ஏறத்தாழ 2 முதல் 3.5 கிலோ வரைதான் இருக்கும். இரண்டு மாதக் குட்டியாக இருக்கும்போது இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. தாயைப் பார்த்தால் நொடியில் தெரிந்துவிடும், ஏனெனில் ஸ்பிட்ஸின் மூக்கு நீளமாகவும் காது பெரிதாகவும் இருக்கும். ரசீதிலோ குறுஞ்செய்தியிலோ 'பொமரேனியன்' என்று எழுதித் தந்திருந்தால், அதைக் காட்டி விலை வித்தியாசத்தைக் கேட்டு விற்றவருக்கு எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்புங்கள். வாய்வார்த்தை மட்டும்தான் என்றால் அதை நிறுவுவது கடினம். எப்படியானாலும் நாய் உங்களுடையது, நன்றாக வளர்த்துவாருங்கள்.

கேள்வி: 'டீ கப் மால்டீஸ்' என்று ஒரு குட்டிக்கு மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். வாங்கலாமா? (கோயம்புத்தூர்)

வேண்டாம். அப்படி ஓர் இனம் எந்த இனப்பதிவு அமைப்பின் பட்டியலிலும் இல்லை. முழு வளர்ச்சி பெற்ற மால்டீஸே 3 கிலோ அளவில் இருக்கும் நாய்தான். அதையும் சிறிதாக்கி விற்கப்படும் குட்டிகள் பெரும்பாலும் ஈத்தில் பிறந்தவற்றுள் மிக நலிந்தவை, அல்லது வயதைக் கூட்டிச் சொல்லி விற்கப்படும் பச்சைக் குட்டிகள். அவை ஒரு வேளை உணவு தவறினாலும் ரத்தச் சர்க்கரை சட்டென இறங்கி மயங்கிச் சாய்ந்துவிடும்.

கேள்வி: என் மகன் ஆசைப்பட்டான் என்று 28,000 ரூபாய் கொடுத்து மால்டீஸ் குட்டி வாங்கினேன். 38 நாள் குட்டி. முதல் ஊசி போட்டாகிவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் வாந்தி, பிறகு ரத்தத்தோடு வயிற்றுப்போக்கு. பரிசோதனையில் பார்வோ என்ற வைரஸ் நோய் என்று தெரிந்தது. மருத்துவமனையில் 11,000 ரூபாய் செலவழித்தும் ஆறாம் நாள் இறந்துவிட்டது. விற்றவர் "நீங்கள் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை" என்கிறார். மகன் இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை. (சென்னை)

அம்மா, உங்கள் கவனிப்பில் தவறு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பார்வோ கிருமி உடலில் புகுந்தபின் பெரும்பாலும் 3 முதல் 7 நாள்களுக்குள் அறிகுறி காட்டும். மூன்றாம் நாளே வாந்தி தொடங்கியிருக்கிறது என்றால், குட்டி உங்கள் வீட்டுப் படியேறும்போதே கிருமியோடு வந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். இதை உங்கள் மகனிடமும் சொல்லுங்கள். அவன் தன்மேல் பழி போட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

இந்தக் கடிதத்தைச் சாக்கிட்டு, பல ஆண்டுகளாக என் மனத்தில் இருக்கும் ஒரு குறையை விரிவாகவே எழுதிவிடுகிறேன். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு மற்றும் விற்பனை விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். குட்டியின் தோலுக்கடியில் அடையாளத்துக்கான மைக்ரோசிப் பொருத்தி, தடுப்பூசிச் சான்றோடு கொடுக்க வேண்டும். பெண் நாயை ஓர் ஆண்டில் ஓர் ஈத்துக்கு மேல் ஈன வைக்கக் கூடாது. இத்தனையும் எழுத்தில் இருக்க, 30, 35, 40 நாள் குட்டிகள் அட்டைப்பெட்டியில் வைத்து அன்றாடம் விற்கப்படுகின்றன. காரணம் எளிது: ஐந்து வாரக் குட்டிதான் பஞ்சுருண்டையாக, பார்த்ததும் கையில் எடுக்கத் தூண்டுவதாக இருக்கிறது, அதன்பின் ஆகும் தீவனச் செலவும் ஊசிச் செலவும் சாவின் பாரமும் வாங்குபவர் தலைக்கு மாறிவிடுகின்றன. தாயின் சீம்பாலில் கிடைத்த எதிர்ப்புப்பொருள்கள் குட்டியின் உடலில் மெல்லக் குறைந்துவரும் காலமும் இதுதான். அவை மிச்சமிருக்கும்வரை ஊசி முழுமையாக வேலை செய்யாது. தீர்ந்தபின் ஊசி பிடிப்பதற்குள் குட்டிக்குக் காவலே கிடையாது. அதனால்தான் கூட்டுத் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் நிறையும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். 'முதல் ஊசி போட்டாகிவிட்டது' என்ற வாக்கியத்தைக் கேட்டு நிம்மதி அடைபவர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும். உடன்பிறந்த குட்டிகளோடு புரண்டு கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்கிறது. அதைப் பாதியில் பிரித்துவிட்டு, பிறகு 'என் நாய் கடிக்கிறது' என்று எழுதுபவர்கள் பலர்.

ஊசி அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். மருந்துக் குப்பியின் சிட்டை உரித்து ஒட்டப்பட்டிருக்கும். அதில் தயாரிப்பு எண்ணும் காலாவதி நாளும் இருக்கும். பக்கத்தில் மருத்துவரின் கையொப்பமும் பதிவு எண் கொண்ட முத்திரையும் இருக்க வேண்டும். நான் பார்த்த ஓர் அட்டையில் மூன்று வெவ்வேறு தேதிகள் ஒரே பேனாவால் ஒரே மூச்சில் எழுதப்பட்டிருந்தன. சிட்டை ஒன்றுகூட இல்லை. அப்படிப்பட்ட அட்டையை ஊசி போடாததற்கான சான்றாகவே கொள்ளலாம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. சட்டத்தின் பார்வையில் நாயும் அசையும் சொத்து. ஆகவே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். தொழிலாக விற்பவர், வீட்டில் வைத்து விற்றாலும் வணிகரே. பணம் அனுப்பிய பதிவு, வயதையும் ஊசியையும் பற்றி அவர் அனுப்பிய குறுஞ்செய்திகள், பார்வோ பரிசோதனை முடிவு, மருத்துவமனை ரசீதுகள் ஆகியவற்றைத் திரட்டுங்கள். சிகிச்சையளித்த மருத்துவர் பால்பற்களைப் பார்த்துக் குட்டியின் வயதைக் குறித்திருந்தால், அந்தச் சீட்டு மிக வலுவான ஆதாரம். முதலில் 15 நாள் கெடு வைத்து எழுத்துமூலம் பணத்தைக் கேளுங்கள். தராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிடுங்கள். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஐயம் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.

இன்னொன்று, வருத்தத்தோடு சொல்கிறேன்: பார்வோ கிருமி வீட்டில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், சாதாரணத் தரை கழுவும் திரவத்துக்குச் சாகாது. ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் தரையைக் கழுவுங்கள். பாயையும் கிண்ணத்தையும் தூக்கி எறிந்துவிடுங்கள். அடுத்த குட்டியை எடுப்பதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: கெ.சி.ஐ. சான்றிதழோடு என்றால் 35,000, இல்லாமல் என்றால் 25,000 என்கிறார்கள். சான்றிதழ் இருந்தால் குட்டி ஆரோக்கியமானதுதானே? (சேலம்)

இல்லை. கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழ் பரம்பரையைப் பதிவு செய்கிறது. உடல்நலத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை. கண்காட்சிக்கு அழைத்துச் செல்லும் எண்ணம் இல்லையென்றால், அந்த 10,000 ரூபாயில் ஒரு கால்நடை மருத்துவரிடம் குட்டியை முழுமையாகப் பரிசோதித்துவிட்டு மிச்சத்தை ஊசிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் சில்லு விலகுகிறதா, இதயத்தில் முணுமுணுப்பு கேட்கிறதா, உச்சந்தலை எலும்பு மூடியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மால்டீஸின் கண்ணுக்குக் கீழே செம்பழுப்புக் கறை. உணவில் கலக்கும் பொடி ஒன்றைக் கடையில் பரிந்துரைக்கிறார்கள். பலன் இருக்குமா? (மதுரை)

நானும் அப்படி ஒரு பொடியை வாங்கிப் பாதி டப்பாவோடு நிறுத்தினேன். உள்ளடக்கம் சரியாக அச்சிடப்படாத எதையும் நாயின் வயிற்றுக்குள் அனுப்பக் கூடாது என்று அப்போது முடிவு செய்தேன். இத்தகைய சில பொடிகளில் டைலோசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கலந்திருப்பதாக 2014-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. கறைக்கு நுண்ணுயிர்க்கொல்லியை மாதக்கணக்கில் கொடுப்பது, பின்னாளில் உண்மையான நோய் வரும்போது மருந்து வேலை செய்யாமல் போக வழிசெய்யும்.

அந்த நிறம் கண்ணீரில் வெளியேறும் போர்ஃபிரின் என்ற நிறப்பொருளால் வருவது. எல்லா நாய்க்கும் உண்டு. வெள்ளை மயிரில்தான் தெரிகிறது. நான்கு முதல் ஏழு மாதம்வரை பல் முளைக்கும்போது கண்ணீர் கூடும், பிறகு தானே குறையலாம். கொதிக்க வைத்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்துக் காலையும் மாலையும் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கண்ணுக்குள் விழும் மயிரைக் கத்தரிக்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிந்தாலோ, நாய் கண்ணைச் சுருக்கினாலோ, மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: கோடைக்காக எங்கள் ஸ்பிட்ஸுக்கு மொட்டை அடிக்கலாமா? (வேலூர்)

கூடாது. அதற்கு இரட்டை மயிரடுக்கு. வழித்துவிட்டால் வெயில் நேரே தோலில் படும், மயிர் பழையபடி வளராமலும் போகலாம். அடி மயிரைச் சீவி எடுத்தால் போதும். மால்டீஸுக்கு அடி மயிர் கிடையாது; அதைக் குட்டையாகக் கத்தரிக்கலாம்.

கேள்வி: இணையத்தில் படம் பார்த்து வெள்ளைக் குட்டிக்கு 5,000 முன்பணம் அனுப்பினேன். பிறகு விமானக் கட்டணம் 6,500, கூண்டு 4,000, "திரும்பக் கிடைக்கும் காப்பீடு" 9,000 என்று கேட்டார்கள், அனுப்பினேன். இப்போது இன்னும் 12,000 கேட்கிறார்கள். அனுப்பினால் குட்டி வருமா? (ஈரோடு)

வராது. குட்டியே இல்லை. இன்னும் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். இந்தப் பகுதியை மூடிவைத்துவிட்டு இப்போதே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்து, பணம் அனுப்பிய விவரங்களைச் சொல்லுங்கள், உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. முன்பின் தெரியாதவருக்கு நான்கு முறை பணம் அனுப்பிய நீங்கள், ஒருமுறைகூட காணொலி அழைப்பில் குட்டியையும் தாயையும் காட்டச் சொல்லவில்லை என்பதை வருத்தத்தோடு குறிப்பிடுகிறேன். ஆனால் குற்றம் செய்தவர் அவர். வெட்கப்பட்டுக்கொண்டு புகார் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு மால்டீஸ் வாங்கினோம். இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். காலை 8 முதல் மாலை 6 வரை வீடு பூட்டியிருக்கும். ஓயாமல் கத்துகிறது, எங்கும் சிறுநீர் கழிக்கிறது. பழுதுள்ள குட்டி என்று திருப்பிக் கொடுக்க முடியுமா? (சென்னை)

குட்டியில் பழுது இல்லை. மூன்று மாதக் குட்டியால் பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. மனிதர் மடியிலேயே இருப்பதற்காக நூற்றாண்டுகளாக வளர்க்கப்பட்ட ஓர் இனத்தைப் பத்து மணி நேரம் பூட்டிய வீட்டில் விட்டால் அது கத்தத்தான் செய்யும். பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகள் வாழக்கூடிய ஓர் உயிரை வாங்கும்முன் பகலில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை என்பது எனக்குக் கோபமூட்டுகிறது. பகலில் வீட்டிலிருக்கும் உறவினரோ, மதியம் வந்து உணவு கொடுத்து வெளியே அழைத்துச் செல்லும் ஆளோ கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், வீட்டில் எப்போதும் ஆள் இருக்கும் நல்ல குடும்பத்தைத் தேடி, விலை வாங்காமல் கொடுத்துவிடுங்கள். விற்றவரிடம் திருப்பித் தந்தால் அது மீண்டும் அதே அட்டைப்பெட்டிக்குத்தான் போகும்.

கேள்வி: கடையில் குட்டி உணவைப் பெரிய மூட்டையிலிருந்து பிரித்துக் கிலோ கணக்கில் மலிவாகத் தருகிறார்கள். பாலும் பிஸ்கட்டும் சேர்த்துக் கொடுக்கலாமா? (தஞ்சாவூர்)

பிரித்து விற்பதை வாங்காதீர்கள். காலாவதி நாளும் தயாரிப்பு எண்ணும் மூட்டையோடு போய்விடுகின்றன; காற்றுப் பட்டால் அதிலுள்ள கொழுப்பு கெடும். நான் ஒருமுறை அப்படி வாங்கிய பொட்டலத்தைப் பிரித்தபோது பழைய எண்ணெய் வாடை அடித்தது, நாய் முகர்ந்துவிட்டு விலகியது. 'குட்டிகளின் வளர்ச்சிக்கு முழுமையான உணவு' என்று அச்சிட்ட சிறிய பையாக வாங்கி, நாளுக்கு நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். பிஸ்கட் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த சாம்பார்ச் சோறு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. இதை வீட்டுப் பெரியவர்களிடம் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும், சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு வயது மால்டீஸுக்கு நான்கு நாளாக உடல் முழுதும் நடுங்குகிறது. விற்றவரைக் கேட்டால் குளிர் என்கிறார். (உதகை)

நோய்க்கு விற்றவரைக் கேட்காதீர்கள். இன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். நஞ்சு, கால்சியம் குறைவு, கல்லீரல் கோளாறு ஆகியவற்றை முதலில் விலக்கிப் பார்க்க வேண்டும். அவை இல்லையென்றால், சிறிய வெள்ளை நாய்களிடம் இளவயதில் அதிகம் காணப்படும் நடுக்க நோய் ஒன்று உண்டு. ஸ்டீராய்டு மருந்துக்குப் பெரும்பாலும் நன்றாகவே கட்டுப்படும். மருத்துவர் சொல்லாமல் மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது.

கேள்வி: வீட்டுக்குள்ளேயே வளரும் சின்ன நாய்க்கும் ரேபிஸ் ஊசியும் மாநகராட்சி உரிமமும் தேவையா? (சென்னை)

இரண்டும் தேவை. மூன்று மாதம் நிறைந்ததும் ரேபிஸ் ஊசி, பிறகு ஆண்டுதோறும். உரிமத்துக்கு அந்த ஊசிச் சான்று கேட்பார்கள். சிட்டை ஒட்டிய அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள்.