1977-ஆ, 2022-ஆ? ஈரி ஏரிக்கரையின் பனிப்புயல்களை ஒப்பிடுவது எப்படி?

கேள்வி: நியூயார்க் மாநிலத்தில் பஃபலோவை ஒட்டிய புறநகர் ஒன்றில் குடும்பத்துடன் வசிக்கிறோம். 2022 டிசம்பர் பனிப்புயலில் மின்சாரம் போய், குழந்தைகளுடன் மிகவும் அல்லாடினோம். அதைவிடக் கொடிய புயல் இருந்திருக்க முடியாது என்று நாங்கள் நினைக்கிறோம். அக்கம்பக்கத்து மூத்தவர்களோ, 1977-இல் பார்த்ததற்கு முன் இது ஒன்றுமே இல்லை என்கிறார்கள். தெற்கே ஹாம்பர்க் பக்கம் இருக்கும் நண்பர் 2014 நவம்பரைத்தான் சொல்கிறார். இவற்றை எந்த அடிப்படையில் ஒப்பிடுவது? அடுத்த குளிர்காலத்துக்கு எந்தப் புயலை மனத்தில் வைத்துத் தயாராவது?

பதில்: மூன்று தரப்பினர் சொல்வதும் உண்மையே. ஆளுக்கொரு வகைப் புயலைப் பற்றிப் பேசுவதால்தான் கருத்து முரண்படுவதுபோல் தோன்றுகிறது. ஒப்பிடத் தொடங்கும்போது பெரும்பாலோர் முதலில் கேட்பது எத்தனை அங்குலம் பனி விழுந்தது என்பதைத்தான். அந்தக் கணக்கைச் சற்று ஒதுக்கி வைத்தால் மற்றவை தெளிவாகும். 2001 டிசம்பர் 24 முதல் 28 வரை ஐந்தே நாளில் பஃபலோ விமான நிலையத்தில் 81.6 அங்குலம் பனி பதிவானது. ஆனாலும் நகரின் கொடிய புயல் எது என்ற பேச்சில் அதை முதலிடத்தில் வைப்பவர் அரிது. 1977 புயலிலோ புதிதாக விழுந்த பனி ஏறத்தாழ 12 அங்குலந்தான். மணிக்கு 35 மைல், அதாவது 56 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட காற்றும், பறக்கும் பனியால் கால் மைலுக்கும் கீழே குறைந்த பார்வைத் தூரமும் குறைந்தது மூன்று மணி நேரம் சேர்ந்து நீடித்தால்தான் அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை அதைப் பனிப்புயல் என்று வகைப்படுத்துகிறது. தரையில் கிடக்கும் பனியின் ஆழம் அந்த வரையறையில் இடம்பெறவே இல்லை.

1977-ஐப் புரிந்துகொள்ள, அதற்கு முந்தைய ஆறு வாரங்களிலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்க-கனடா எல்லைப் பகுதியில் உள்ள ஐந்து பேரேரிகளில் ஆழம் மிகக் குறைந்தது ஈரி ஏரி. அதன் சராசரி ஆழம் 19 மீட்டர்தான் என்பதால் மற்ற ஏரிகளைவிட விரைவில் உறைந்துவிடும். அந்தக் குளிர்காலத்தில் டிசம்பர் நடுவிலேயே உறைந்தது வழக்கத்துக்கு மிகவும் முந்தியது. ஏரி உறைந்துவிட்டால் குளிர்காற்றுக்கு நீராவி கிடைக்காது, லேக் எஃபெக்ட் என்று அங்கே எல்லோரும் சொல்லும் ஏரிப்பனியும் அநேகமாக நின்றுவிடும். ஆகவே கரையோர மக்களுக்கு அது நிம்மதி தரும் செய்தியாகவே இருந்திருக்கும். ஆனால் உறைந்த பரப்பின் மீது வாரக்கணக்கில் விழுந்த தூள்பனி, மரமோ கட்டடமோ தடுக்காத பல்லாயிரம் சதுர கிலோமீட்டர் வெட்டவெளியில் அப்படியே கிடந்தது. ஜனவரி 28, வெள்ளிக்கிழமை முற்பகலில் ஆர்க்டிக் குளிர்முனை, அதாவது வடதுருவக் குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு, வந்தபோது, மணிக்கு 69 மைல் வரை வீசிய காற்று அந்தப் பனியை வாரிக்கொண்டுவந்து பஃபலோவிலும் எதிர்க்கரையில் கனடாவின் நயாகரா பகுதியிலும் கொட்டியது. வானம் தந்த பனியைவிட ஏரி சேர்த்து வைத்திருந்த பனியே அந்தப் புயலின் பெரும்பகுதி.

நகரத்துத் தெருக்களில் ஏற்கனவே பல வாரப் பனி முழுதாக அள்ளப்படாமல் கிடந்தது. வேலைநாள் முற்பகலில் புயல் வந்ததால் ஆயிரக்கணக்கானோர் அலுவலகங்களிலேயே இரவு தங்கினார்கள். சில இடங்களில் பனிமேடுகள் 25 அடிக்கு மேல் உயர்ந்தன. பஃபலோ உயிரியல் பூங்காவில் வேலியின் உயரத்துக்குக் குவிந்த பனியின் மீதேறித் துருவ மான்கள் வெளியே நடந்து சென்றன. இறந்தவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர். அவர்களில் பலர் பனியில் புதைந்த கார்களுக்குள் கண்டெடுக்கப்பட்டவர்கள். பனிப்பொழிவுக்காக அமெரிக்க மத்திய அரசு பேரிடர் அறிவிப்பு வெளியிட்டது அதுவே முதன்முறை. அந்தப் பருவம் முழுவதற்கும் பஃபலோவில் பதிவான 199.4 அங்குலம் நகரின் பருவகாலச் சாதனையாக இருக்கிறது. உங்கள் அண்டை வீட்டு மூத்தவர்களின் நினைவில் புயலின் நாட்களும் இந்த முழுப் பருவமும் ஒன்றாகக் கலந்திருக்கக்கூடும். அவர்களிடம் பேசும்போது, அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்பே தெருவில் எவ்வளவு பனி இருந்தது என்று தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

2022 டிசம்பர் 23-உம் வெள்ளிக்கிழமைதான்; ஆனால் அன்று ஏரி திறந்தே கிடந்தது. அதிகாலையில் மழையாக இருந்தது. சில மணி நேரத்தில் வெப்பநிலை செங்குத்தாக இறங்கி, ஈரமெல்லாம் பனிக்கட்டியாகி, மணிக்கு 70 மைலைத் தாண்டிய காற்று வீசத் தொடங்கியது. நீளவாக்கில் ஏரி முழுவதையும் கடந்து வரும் தென்மேற்குக் காற்று, ஏறத்தாழ 390 கிலோமீட்டர் தூரம் நீராவியை உறிஞ்சியபடியே வந்து பஃபலோவின் மேல் பனியாக இறக்கியது. பனிப்புயல் நிலை இடைவிடாமல் 37 மணி நேரம் நீடித்தது. மூன்று மணி நேரமே போதும் என்ற வரையறைக்கு அருகில் அந்த எண்ணை வைத்துப் பாருங்கள். விமான நிலையத்தில் ஐந்து நாளில் 51.9 அங்குலம் பனி பதிவானது. ஆம்புலன்ஸ்களும் தீயணைப்பு வண்டிகளும் மீட்கப் போன இடத்தில் தாமே சிக்கிக்கொண்டதால், உதவி கேட்டு அழைத்தவர்களை நெடுநேரம் யாராலும் சென்றடைய முடியவில்லை. ஈரி மாவட்டத்தில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிலர் கார்களில், சிலர் தெருவில், சிலர் சூடில்லாத தங்கள் வீட்டுக்குள்ளேயே, சிலர் பனி அள்ளும்போது மாரடைப்பால்.

காற்று, பார்வைத் தூரம், நீடித்த நேரம் ஆகிய மூன்றையும் வைத்துப் பார்த்தால், புயல் வீசிய அந்த நேரத்தின் கடுமையில் 2022-ஐ 1977-க்குக் குறைந்தது என்று சொல்ல இடமே இல்லை. நான் 2022-ஐயே முதலிடத்தில் வைப்பேன். நகரம் முடங்கிக் கிடந்த நாட்களையும், புயலுக்கு முன்பே மக்கள் பட்ட சோர்வையும் சேர்த்துக் கணக்கிட்டால் 1977 முந்துகிறது. ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை தேவை. 1977-இல் நாளிதழ்கள் சொன்ன ‘காற்றுக் குளிர்’ எண்களை, அதாவது காற்று வீசும்போது உடல் உணரும் குளிரின் கணக்கை, 2022-இன் எண்களோடு நேராக ஒப்பிடக் கூடாது, ஏனெனில் அந்தக் கணக்கீட்டு முறையே 2001-இல் மாற்றப்பட்டது. பழைய முறை குளிரைக் கூடுதலாகக் காட்டும். வெப்பமானியில் பதிவான வெப்பநிலையையும் காற்றின் வேகத்தையும் தனித்தனியே எடுத்து ஒப்பிடுவதே சரி.

உயிரிழப்பை வைத்துப் புயலின் வலிமையை அளப்பதும் சரியாகாது. 1977-இல் இன்றைய டாப்ளர் ரேடாரும் கணினி முன்கணிப்பும் இல்லை. 2022-இல் பல நாட்களுக்கு முன்பே தெளிவான எச்சரிக்கை வந்திருந்தது, இருந்தும் அதிகம் பேர் இறந்தார்கள். வாகனத் தடை வெள்ளிக்கிழமை காலை 9:30 மணிக்கு, பலர் வேலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகே அமலானது என்பதும், இறந்தவர்களில் கறுப்பின மக்களின் பங்கு மக்கள்தொகையில் அவர்களது விகிதத்தைவிட மிக அதிகம் என்பதும் காற்றின் வேகத்தால் விளக்கக்கூடியவை அல்ல. பழைய வீடு, சொந்த வாகனமின்மை, அன்றைய கூலியை விட முடியாத நிலை ஆகியவை ஒரே புயலை இரண்டு தெருக்களில் இரண்டு வகையாக ஆக்கிவிடுகின்றன. இதை எண்ணும்போது எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

இனி உங்கள் ஹாம்பர்க் நண்பரின் 2014. அது வரையறைப்படி பனிப்புயலே அல்ல. காற்றைவிடப் பனியின் அளவே அதில் பெரிது. நவம்பர் 17 முதல் இரண்டு அலைகளாக வந்த அந்த ஏரிப்பனி, சில மைல் அகலமே கொண்ட ஒரு பட்டையாக நகரின் தெற்கே நிலைகொண்டு, சில இடங்களில் ஐந்தடிக்கு மேல் குவித்தது. அதே நேரத்தில் வடக்கு பஃபலோவில் சில அங்குலங்களே விழுந்தன. பட்டையின் ஓரத்தில் நின்றவர்கள் ஒரு பக்கம் நீல வானத்தையும் மறுபக்கம் வெள்ளைச் சுவரையும் ஒரே படத்தில் எடுக்க முடிந்தது. நெடுஞ்சாலையில் சிக்கிய வாகனங்களில், ஒரு கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியின் பேருந்து ஒரு நாளுக்கு மேல் நின்றது. 2022 நவம்பரில், டிசம்பர் புயலுக்கு ஒரு மாதம் முன்பு, இதே வகைப் பனி ஹாம்பர்க்கில் 80 அங்குலத்தைத் தாண்டியது. ஏரிப்பனியில் இரண்டு மைல் தள்ளி வசிப்பவரின் நினைவு உங்கள் நினைவோடு ஒத்துப்போகாதது இயல்பு. ஆகவே யாருடைய அனுபவத்தைக் கேட்டாலும், முதலில் கேட்க வேண்டியது அன்று அவர் எந்தத் தெருவில் இருந்தார் என்பதே.

அளவீட்டிலும் கவனம் தேவை. ஒண்டாரியோ ஏரிக்குக் கிழக்கே மான்டேகு என்ற ஊரில் 1997 ஜனவரியில் 24 மணி நேரத்தில் 77 அங்குலம் என்று பதிவானது. ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் அளக்கக் கூடாது என்ற விதியை மீறி ஆறு முறை அளந்திருந்ததால் அது தேசியச் சாதனையாக ஏற்கப்படவில்லை. விழுந்த பனி தன் எடையாலேயே படிந்து தணியும். அடிக்கடி அளந்து துடைத்தால் கூட்டுத்தொகை வீங்கிவிடும். அதேபோல், கதவை மூடி நிற்கும் பனியின் படம் காற்று குவித்த மேட்டைக் காட்டுமே தவிர, பெய்த அளவைக் காட்டாது.

தயாரிப்பைப் பொறுத்தவரை, ஏதேனும் ஒரு ஆண்டை மட்டும் மனத்தில் வைக்காதீர்கள். இரண்டு வகைக்கும் தனித்தனியாகத் தயாராகுங்கள். 2014 வகையில் ஆபத்து எடையில் இருக்கிறது. 25 மில்லிமீட்டர் நீருக்குச் சமமான பனி, கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 25 கிலோ பாரம் ஏற்றும். அதன் மேல் மழை பெய்தால் அந்த நீரையும் பனி உறிஞ்சிக்கொள்ளும். தரையில் நின்றபடியே இழுக்கக்கூடிய நீண்ட கைப்பிடிக் கூரைவாரி ஒன்று வாங்கி வையுங்கள். பனியைக் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு அள்ளுங்கள். இதயநோய் உள்ளவர் அந்த வேலையில் இறங்கவே வேண்டாம். 2022 வகையில் ஆபத்து காற்றிலும் குளிரிலும் இருக்கிறது. எரிவாயுவில் ஓடும் சூடேற்றியும் மின்சாரம் இல்லாவிட்டால் நின்றுவிடும் என்பதைப் பலர் அன்றுதான் அறிந்தார்கள். குடும்பம் முழுவதும் ஒடுங்கக்கூடிய, சன்னல் குறைந்த ஓர் அறையை இப்போதே முடிவு செய்து, போர்வை, மருந்து, குழந்தை உணவு, பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஆகியவற்றை அங்கே சேர்த்து வையுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்கு வெளியே குறைந்தது 20 அடி தள்ளித்தான் இயக்க வேண்டும். டயாலிசிஸ், ஆக்சிஜன் போன்ற தொடர் சிகிச்சையில் இருப்பவர்களை, எச்சரிக்கை வந்த அன்றே மருத்துவமனைக்கு அருகில் உள்ள உறவினர் வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். காரில் சிக்கிக்கொண்டால் இறங்கி நடக்காதீர்கள். புகைக்குழாயைச் சுற்றிய பனியை அகற்றிய பிறகே இன்ஜினைச் சிறிது நேரம் ஓட விடுங்கள்.

அடுத்த புயலில் ஒரு நோட்டுப் புத்தகத்தை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்வீடு எப்போது மறைந்தது, எப்போது மீண்டும் தெரிந்தது, மின்சாரம் போனதும் வந்ததும் எத்தனை மணிக்கு, வீட்டுக்குள் வெப்பநிலை எவ்வளவு இறங்கியது, பனி அள்ளும் வண்டி உங்கள் தெருவுக்கு எந்த நாளில் வந்தது என்று எழுதுங்கள். விமான நிலையத்தின் மணிவாரிப் பதிவுகள் பொதுவில் கிடைப்பதால், பின்னர் அவற்றோடு உங்கள் குறிப்பைப் பொருத்திப் பார்க்கலாம். 1977-ஐப் பார்த்த மூத்தவர்களிடமும் இதே கேள்விகளைக் கேட்டு எழுதி வையுங்கள். அதே நோட்டின் முதல் பக்கத்தில், உங்கள் சூடேற்றியின் புகைக்குழாய் எந்தச் சுவரில், தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் வெளியே வருகிறது என்பதைக் குறித்துவிடுங்கள். பனி மூடினால் முதலில் தோண்ட வேண்டிய இடம் அதுதான். இருட்டில், காற்றில், மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டியதும் அதுதான்.